அன்வர் இல்லாமல் பினாங்கு, ஈப்போ, கிள்ளான்

வெளிநாட்டுக்குப் போகிறேன் என்று சொன்னதும் எங்கள் தெருவில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கப்பலு?" என்பதுதான். திருவொற்றியூரில் வெளிநாடு என்றால் கப்பல். கப்பல் என்றால் இன்ஜின் ரூம், இல்லாவிட்டால் சமையல். கிதாரைத் தூக்கிக்கொண்டு போய் மேடையில் உட்கார்ந்து வாசித்துவிட்டு வரவும் ஒருவனைக் கூப்பிடுவார்கள் என்று நம்ப வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் எதிர்வீட்டு லோகநாதன் மாமா கடைசிவரை நம்பவில்லை. "எத்தினி மாசம் காண்ட்ராக்டு?" என்றார். "பத்து நாளு மாமா" என்றேன். "பத்து நாள்ல எந்தக் கப்பலுடா திரும்பி வரும்?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூப்பிட்டது இரண்டு பேரை. போவது நான் ஒருவன்.

பினாங்கிலிருந்து புனிதா என்ற பெண் எழுதியிருந்தார். சின்னச் சின்ன அரங்குகளில் வாத்தியக் கச்சேரி நடத்துபவர். எங்களுடைய பழைய வீடியோ ஒன்று அவர் கண்ணில் பட்டிருக்கிறது. மூன்று ஊர்களில் வாசிக்க இருவரும் வர முடியுமா என்று கேட்டிருந்தார். ஒருவர்தான் வர முடியும் என்று நான் எழுதிவிட்டு, அனுப்பாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன்.

இன்னொருவன் அன்வர். தண்டையார்பேட்டைக்காரன், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ராயபுரத்தில் ஒரு சர்ச் விழாவுக்கு வந்த பேண்டுக்காரர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கித் தொட்டுப் பார்த்ததுதான் எங்கள் இருவருக்கும் முதல் கிதார். பிறகு ஆளுக்கொன்று வாங்கி எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார ஆரம்பித்தோம். மேலே ஓடும் மெட்டு அவனுடையது. கீழே தாங்கிப் பிடிப்பது என்னுடையது. பாட்டுப் பாட மாட்டோம், வெறும் கிதார்தான். கல்யாண வீட்டில் கூப்பிட்டுவிட்டு, "பாடறவன் எங்கப்பா?" என்று கேட்டு அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

எங்கள் வீடு எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டியது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும், உறுமும், நகரும், மறுபடி நிற்கும். லாரி கிளம்பினால் பக்கத்தில் இருப்பவன் பேசுவதே கேட்காது, கிதார் எங்கே கேட்கும்? அதனால் எங்களுக்கு ஒரு பழக்கம். லாரி உறுமியதும் இருவரும் கையை நிறுத்திவிடுவோம், எந்த இடமோ அந்த இடத்தில். சத்தம் அடங்கியதும் அன்வர் மோவாயைத் தூக்கி மூன்று சுரம் தட்டுவான். நான் சேர்ந்துகொள்வேன். விட்ட இடத்திலிருந்து பாட்டு ஓடும். பேசி வைத்துக்கொண்டதில்லை, தானாக வந்தது. ஆனால் ஆரம்பிப்பது எப்போதும் அவன்தான். நான் ஒருநாளும் முதலில் கை வைத்ததில்லை.

போன வருஷம் மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கில் வேலை செய்துகொண்டிருந்தபோது பெட்டியின் கதவு அவன் இடது கையில் மோதி நசுக்கிவிட்டது. மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்குவதில்லை. "கை வேலைக்கு ஆகும் தம்பி. கம்பி மேல அழுத்தி வாசிக்கிறதுக்கு ஆகாது" என்று டாக்டர் சொன்னபோது நானும் அவன் மனைவி நஸ்ரினும் பக்கத்தில்தான் நின்றோம். அன்வர் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டான். அன்றிலிருந்து ஒரு ரப்பர் பந்தை வைத்து அமுக்கிக்கொண்டே இருக்கிறான்.

அழைப்பு வந்த விஷயத்தைச் சொல்லப் போனேன். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான்.

"போய்ட்டு வா மாமு. இதுக்கு இன்னாத்துக்கு மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீற?"

"தனியா வாசிக்கிற மாதிரி நம்ம கிட்ட பாதிக் கச்சேரிதான்டா கீது. மீதிக்கு நம்ம ரெட்டைப் பாட்டுங்களத்தான் வாசிக்கணும்."

"வாசி. ஒன்னோடத மட்டும் வாசி. என்னோடத அப்டியே வுட்டுடு. நீயும் தொடாத, வேற எவன் கைலயும் குடுக்காத. கை வந்துகினே கீது. அடுத்த தபா நா வந்து ஒக்காந்துக்கிறேன்."

"நடுவுல காலியா கீதேன்னு கேட்டா இன்னா சொல்றது?"

"ஆளு வர்றான்னு சொல்லு."

பஸ்ஸில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு டீ குடிக்கப் போகிறவன் மாதிரி சொன்னான். சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். நஸ்ரின் வாசல்வரை பின்னாலேயே வந்தாள். "பிரபாண்ணா, அவரு எதை நம்பிகினு எழுந்து ஒக்கார்றாருன்னு ஒங்களுக்குத் தெரியும். வராதுன்னு மட்டும் நீங்க சொல்லிடாதீங்க" என்றாள். அவளிடமும் தலையாட்டினேன். அன்று முழுக்கத் தலையாட்டுவதைத் தவிர நான் வேறெதுவும் செய்யவில்லை.

விமான நிலையத்தில் கிதாரைப் பெட்டிகளோடு போடச் சொன்னார்கள். முடியாது என்றேன். எனக்கு முன்கோபம் அதிகம், எங்கள் ஊரில் அது யார் கண்ணையும் உறுத்தாது. அங்கே உறுத்தியது. கடைசியில், உடையும் பொருள் என்று ஒரு சிவப்புச் சீட்டை ஒட்டி வாங்கிக்கொண்டார்கள். பினாங்கில் இறங்கி, எல்லாப் பெட்டியும் வந்து முடிந்து, பெல்ட் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. கிதார் வரவில்லை. பெல்ட்டை இரண்டு முறை சுற்றி வந்தேன். பார்த்தால் பின்னால் ஒரு மூலையில், சுவரில் சாய்த்து வைக்கப்பட்டு, எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தது. கட்டிப்பிடிக்காத குறை.

புனிதா வந்து அழைத்துப் போனார். என் வயதுதான் இருக்கும். "பசியாறியாச்சா அண்ணே?" என்றார். பசி ஆறியதா என்று ஒருவர் கேட்டு என் வாழ்நாளில் கேட்டதில்லை. எங்கள் பக்கம் "துன்னியா?" என்பதோடு சரி.

முதல் நாள் சாப்பாடு நாசி கண்டார். சோற்றை வைத்து, மீன் குழம்பு, கோழிக் குழம்பு, கறிக் குழம்பு என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஊற்றி வெள்ளக்காடாக்கிக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் இப்படிச் செய்தால் அம்மா கரண்டியாலேயே போடுவாள். ஆனால் ருசி! கடைக்காரர் தமிழ் முஸ்லிம், தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பமாம். நான் அன்வரைப் பற்றிச் சொன்னேன். "அடுத்த தடவ கூட்டியாங்க, அவருக்கு நான் போட்டுத் தர்றேன்" என்றார். ஆகட்டும் என்றேன். அந்த ஊரிலும் தலையாட்டல்தான்.

மறுநாள் சாயங்காலம் முதல் கச்சேரி. பழைய சரக்குக் கிடங்கு ஒன்றைச் சுத்தம் செய்து அரங்காக்கியிருந்தார்கள். எங்கள் பக்கத்திலும் துறைமுகத்தை ஒட்டி இப்படிக் கிடங்குகள் நிற்கின்றன. உள்ளே எலியும் உப்புக்காற்றும்தான். இங்கே மரத்தரை, மங்கலான விளக்கு. என்னைப் பயமுறுத்தியது அமைதி. ஒரு ஹாரன் இல்லை, ஒரு கூப்பாடு இல்லை. என் மூச்சே எனக்குக் கேட்டது. நாங்கள் லாரிச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று அடித்து வாசித்தே பழகியவர்கள். முதல் பாட்டில் முன்வரிசைப் பெண்மணி திடுக்கிட்டு நிமிர்ந்தார். அப்புறம்தான் கையை அடக்கினேன்.

தனிப் பாட்டுகள் நன்றாகப் போயின. பிறகு "ரெண்டாம் சங்கு". பாக்டரியில் இரண்டாவது சங்கு ஊதுவதற்குள் கேட்டுக்குள் நுழைய ஓடும் ஆட்களை வைத்து நானும் அன்வரும் செய்தது. ஓடுவது அவன் மெட்டு. நான் தரையைத்தான் போட்டுக் கொடுப்பேன். அன்று தரையை மட்டும் வாசித்தேன். ஓட ஆள் இல்லை. கைதட்டினார்கள், நல்ல மனுஷர்கள். எனக்கு உள்ளே கூசியது.

கிதாரை உறையில் போடும்போது புனிதா வந்தார். "தப்பா நெனைக்காதீங்க அண்ணே. கடைசியில வாசிச்சீங்களே, அதுல யாரோ வர வேண்டியவங்க வராத மாதிரி இருந்துச்சு லா."

"ஆளு வர்றான்" என்றேன். அன்வர் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். அவர் முகம் மலர்ந்தது. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

ஈப்போவுக்கு ரயில். அதற்கு முன்னால் படகில் கடலைக் கடந்து அக்கரைக்குப் போக வேண்டும். அக்கரையில் இறங்கினால் துறைமுகம். நீலக் கிரேன்கள் கன்டெய்னரைத் தூக்கி அடுக்கிக்கொண்டிருந்தன. கீழே ஒருவன் கையை ஆட்டிச் சைகை காட்டினான். நம் ஊரில் காட்டுகிற அதே சைகை. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றதில் ரயில் போய்விட்டது. வெளிநாடு வந்து துறைமுகத்தைப் பார்த்து ரயிலை விடுகிற ஆள் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் தாண்டி வேறெங்கும் கிடைக்க மாட்டான்.

பஸ்ஸில் போனேன். கிதாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்து, பக்கத்து இருக்கைச் சீனப் பாட்டி ஏதோ முணுமுணுத்தார். முன்னால் இருந்தவர் திரும்பி எனக்காகத் தமிழில் சொன்னார்: "ஆள விடப் பெட்டி பெருசா இருக்கு, ரெண்டுல எதுக்கு டிக்கெட் எடுத்தாங்கன்னு கேக்குறாங்க." பஸ்ஸே சிரித்தது. பாட்டி பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து என் கையில் வைத்தார்.

ஈப்போவைச் சுற்றி வெள்ளை வெள்ளையாய் மலைகள். கோழியும் பயறு முளையும் சாப்பிட்டேன், காபி குடித்தேன். பயறு முளை இத்தனை கொழுகொழுவென்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பீச் ஸ்டேஷன் எதிரில் பர்மாக்காரர்கள் கடையில் நானும் அன்வரும் தின்கிற அத்தோ நூடுல்ஸின் நினைவு வந்தது. அவன் முட்டையை எனக்குத் தள்ளிவிட்டு என் பேஜோ சூப்பைக் குடித்துவிடுவான். சாப்பிட்டுக்கொண்டே இருந்தவனுக்குக் கண் கலங்கிவிட்டது. காரம் என்று கடைக்காரரிடம் சொன்னேன். அதில் காரமே கிடையாது.

அரங்குக்குப் போனால் மேடையில் இரண்டு நாற்காலி. இரண்டு மைக்.

"உங்க கூட்டாளி எப்ப வர்றாரு அண்ணே? ஏர்போர்ட்டுக்குக் கார் அனுப்பட்டுமா?" என்று புனிதா கேட்டார். ஆள் வருகிறான் என்று நான் சொன்னதை நம்பியிருக்கிறார். நம்பாமல் என்ன செய்வார்? உண்மையைச் சொன்னேன், கையில் பட்ட அடி, டாக்டர் சொன்னது, நான் கொடுத்த வாக்கு எல்லாம். அவர் இரண்டாவது மைக்கை அணைத்தார். பிறகு, "அப்ப அவரு வரமாட்டாரு. வர்றாருன்னு நீங்க ஊர் ஊரா சொல்லிக்கிட்டுப் போறீங்க" என்றார். எனக்குச் சுரீர் என்றது. கடுமையாக ஏதோ சொல்ல வாயெடுத்து, கிதாரைச் சுருதி சேர்க்க உட்கார்ந்துவிட்டேன். அந்த நாற்காலியை எடுக்கச் சொல்ல மனசு வரவில்லை. அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் அன்று வாசித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மோசமாக வாசித்ததில்லை.

ஒரு நாள் இடைவெளி. அறையில் படுத்து விட்டத்தைப் பார்த்தேன். அன்வர் போன் செய்தான். "எப்டி போவுது மாமு? காலியா கீதுன்னு எவனாச்சும் கேட்டானா?" என்றான். "கேட்டாங்க" என்றேன். "ஆளு வர்றான்னு சொன்னியா?" "சொன்னேன்டா." சந்தோஷமாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்கு வேதனையாக இருந்தது.

கிள்ளான் துறைமுக ஊர். இறங்கியதுமே என் மூக்குக்குத் தெரிந்துவிட்டது, டீசலும் உப்பும். கடைத்தெருவில் தமிழ்ப் பாட்டு அலறியது, வாழையிலைச் சாப்பாடு, பூக்கடை, ஒருவர் மேல் ஒருவர் இடிக்கும் கூட்டம். டாக்சி ஓட்டியவரும் தமிழர். "மெட்ராஸ்ல எங்க?" என்றார். திருவொற்றியூர் என்றேன். "நான் மெரினா பாத்திருக்கேன்" என்றார். எல்லாரும் மெரினாவைத்தான் பார்க்கிறார்கள். அதற்கு வடக்கேயும் கடல் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஒரு பாட்டம் சொல்லி முடிப்பதற்குள் அரங்கு வந்துவிட்டது.

கடைவரிசையின் மேல் மாடியில் அரங்கு. பின்னால் ரயில் பாதை. மேடையில் ஒரு நாற்காலி மட்டும் இருந்தது. புனிதா அதன் எதிரில் மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"ரெண்டாம் சங்கு" பாதி போயிருக்கும். மெட்டு இரண்டாவது முறை ஏறி இறங்குகிற இடம், அதாவது மெட்டு இருந்தால் ஏறி இறங்குகிற இடம். பின்னால் சரக்கு ரயில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

என் கை நின்றுவிட்டது.

நான் நிறுத்தவில்லை. அதுவாக நின்றது. இத்தனை வருஷப் பழக்கம். மேடை, டிக்கெட் வாங்கி வந்த ஜனம், எதுவும் அந்தக் கைக்குத் தெரியாது. சத்தம் வந்தது, நின்றது. நீளமான ரயில். பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. கடைசிப் பெட்டியும் போய்ச் சத்தம் அடங்கியது. நான் இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன், அவன் மோவாயைத் தூக்குவதற்காக.

அங்கே யாரும் இல்லை. ஜனங்கள் என்னைப் பார்த்தார்கள், நான் காலி இடத்தைப் பார்த்தேன். யாரோ இருமினார்கள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. அப்போதுதான் எனக்கு நிஜமாக உறைத்தது. டாக்டர் சொன்னபோது உறைக்கவில்லை, புனிதா சொன்னபோதும் உறைக்கவில்லை. ஐயோ அன்வரு, நீ வரமாட்டடா என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

அந்த மூன்று சுரத்தைத் தட்டினேன். அவன் சுரத்தை. தட்டிய பிறகு விட முடியவில்லை. அவன் மெட்டு என் விரல்களில் ஓடியது, என் கட்டை விரல் கீழே என் பாகத்தைப் பிடித்துக்கொண்டது. எப்போது கற்றுக்கொண்டேன் அதை? பக்கத்திலேயே உட்கார்ந்து இத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். ஓட வேண்டியவர்கள் ஓடினார்கள், கேட்டுக்குள் நுழைந்தார்கள். வாசித்து முடித்தபோது சட்டை நனைந்திருந்தது. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், அப்படி ஒரு அவமானம். இரண்டும் ஒன்றாக வந்தால் மனுஷன் என்ன செய்வான்? கும்பிட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

ஊருக்கு வந்து இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. நேரே தண்டையார்பேட்டை. போகும் வழியெல்லாம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுதான் யோசித்தேன். யாருக்குத் தெரியப் போகிறது? அன்வர் பந்தும் கையுமாக உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும், "வா மாமு, பாரின் ரிட்டனு! நஸ்ரீ, யாரு வந்துகீறான் பாரு" என்று கத்தினான்.

உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாது.

"கிள்ளான்ல ஒன்னோடத வாசிச்சுட்டேன்டா."

பந்து அமுக்குவது நின்றது. "இன்னா சொல்ற?"

ரயில் வந்தது, கை நின்றது, அவன் பக்கம் திரும்பிப் பார்த்தது, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்தான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றான்.

"ஒன்னான்ட நா கேட்டது ஒன்னே ஒன்னு."

"ஆமாடா."

"என்னையும் இட்டுகினு போன்னு கேட்டனா? வேற எதனா கேட்டனா? அந்த ஒன்ன காப்பாத்த ஒனக்குத் துப்பில்ல. நீயெல்லாம் ஒரு தோஸ்தா?"

நஸ்ரின் சமையற்கட்டு வாசலில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கிதார் உறையைத் தோளில் ஏற்றிக்கொண்டேன். இனி இந்த வீட்டுப் படி ஏற முடியாது என்றுதான் நினைத்தேன். வெளியே மீன்காரம்மா கூவிக்கொண்டு போனாள். அவள் குரல் தெருமுனை தாண்டும் வரை அன்வர் அசையவில்லை.

"ரயிலு எந்த எடத்துல வந்துச்சு?" திரும்பாமலேயே கேட்டான்.

"ரெண்டாவது தபா ஏறி எறங்குற எடம்."

"அங்க நா எப்பவும் தடுக்குவேன்."

"ஆமா."

"ஒனக்கு?"

தடுக்கியது என்று சொல்லியிருக்கலாம். அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "தடுக்கலடா" என்றேன்.

திரும்பினான். "ரெண்டையும் ஒரே ஆளாவா?"

"ஒரே ஆளா."

"நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சுடா. நாம வாசிச்சதவிட நல்லா இருந்துச்சு."

அவன் தன் இடது கையைத் தூக்கி, யாருடைய கையோ என்பதுபோல முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். "இது வராதுல்ல மாமு?"

நஸ்ரின் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

"வராதுடா."

மெதுவாகத் தலையை ஆட்டினான். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன், எனக்கும் தாங்கவில்லை. அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, என் தோளில் தொங்கிய உறையைத் தட்டினான்.

"எடு. வாசி."

"இப்பவா?"

"இப்பதான். அத ஒரு தபாகூட நா ஒக்காந்து கேட்டதில்ல மாமு. வாசிச்சுகினே இருந்துட்டேன்."